அவுட் ஆகாத விளையாட்டு

போன வாரம் எங்கள் குடியிருப்பின் மூன்றாம் மாடி அம்மா ஒரு பை நிறைய பலூனோடு கீழே வந்தார். "அண்ணா, பம்ப் உடைஞ்சுபோச்சு. கொஞ்சம் ஊதித் தர்றீங்களா? சாயந்தரம் பாப்பாவுக்கு பர்த்டே." பெசன்ட் நகரில் நான் பார்ப்பது காவலாளி வேலை. பலூன் ஊதுவது அதில் சேரும் என்று யாரும் சொன்னதில்லை, சேராது என்றும் சொன்னதில்லை. ஊதினேன்.

பலூனை வாயில் வைத்ததும் ஒரு மாவு ருசி வருமே, உங்களுக்கும் தெரிந்திருக்கும். எனக்கு அதோடு கரடி வாசனையும் சேர்ந்து வரும். நிஜக் கரடி இல்லை. பள்ளிக்கூடம் என்னை விட்டதா, நான் அதை விட்டேனா என்பது இன்னும் முடிவாகவில்லை. அதற்குப் பிறகு பார்த்த பதினைந்து இருபது வேலைகளில் ஒன்று, தி.நகர், அடையாறு பக்கம் பிறந்தநாள் வீடுகளில் கரடி உடுப்பு மாட்டிக்கொண்டு பிள்ளைகளுக்கு விளையாட்டு நடத்துவது. உடுப்பு கோடம்பாக்கத்திலிருந்து வாடகைக்கு வரும். எனக்கு முன்னால் உள்ளே இருந்தவர்களின் வியர்வை எல்லாம் அதில் பத்திரமாக இருக்கும். மே மாதத்தில் இரண்டு முறை மயங்கி விழுந்தேன். பிள்ளைகள் கை தட்டினார்கள்.

அப்போது குடியிருந்தது அடையாற்றங்கரைக் குடிசை வரிசையில். பக்கத்து வீட்டுச் செல்வி நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்ப்பவள். அவள் மகள் பவித்ராவுக்கு ஐந்து வயது ஆகவிருந்தது. ஒரு நாள் காலையில் செல்வி வந்து நின்றாள்.

"நைனா, நீ கரடி வேலைக்குத்தான போற? எம் பொண்ணு பர்த்டேக்கு கேம்ஸு வையி."

"வெச்சிட்டா போச்சு. மியூசிக்கல் சேர்?"

"அது மட்டும் வேணாம். வேற இன்னா கீது?"

விசாரித்தால் விஷயம் வந்தது. செல்வி வேலை செய்யும் வீடொன்றில் பிறந்தநாள். பவித்ராவையும் நாற்காலி விளையாட்டில் சேர்த்திருக்கிறார்கள். முதல் சுற்றிலேயே அவுட். அவுட்டானவள் எங்கே நிற்பது என்று தெரியாமல் நேராகச் சமையலறைக்குப் போய் அம்மாவோடு தட்டு கழுவியிருக்கிறாள். அதிலிருந்து எந்த விளையாட்டுக்கும் போவதில்லை. பிள்ளைகள் கூப்பிட்டால் கதவுக்குப் பின்னால் நின்று, "நான் அவுட்டு" என்கிறாளாம்.

"யாருமே அவுட்டு ஆவக் கூடாது நைனா. அப்பதான் அது வெளில வரும்."

இரண்டு நாள் யோசித்தேன். எனக்குத் தெரிந்தது ஐந்து விளையாட்டு. ஐந்திலும் பிள்ளைகளை ஒவ்வொருவராக வெளியே அனுப்புவதுதான் வேலை. யாரையும் அனுப்பாத விளையாட்டை யாரும் எனக்குக் கற்றுத்தரவில்லை. கடைசியில் நாற்காலியையே வைத்தேன். பவித்ரா நாற்காலிக்குப் பக்கத்தில் வரும்போது பாட்டை நிறுத்திவிடுவதாகத் திட்டம். செல்வி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டியதில்லை.

சந்தில் ஏழு பிளாஸ்டிக் நாற்காலிகள். இரண்டு டீக்கடையில் கேட்டு வாங்கியவை. பிள்ளைகள் எட்டுப் பேர், பவித்ராவையும் சேர்த்து. அவள் வாசலை விட்டு நகரவில்லை. வந்தால் போட்டுக்கொள்ளலாம் என்று பாட்டைத் தொடங்கவே இல்லை. அதற்குள் எதிர்வீட்டு மும்தாஜ் தன் செருப்பில் ஒன்றைக் கழற்றி ஒரு நாற்காலியில் வைத்தாள். மற்றவர்களும் வைத்தார்கள்.

எங்கள் வரிசைக்குத் தண்ணீர் லாரி எப்போது வரும் என்று தெரியாது. குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விடுவார்கள். குடம் இல்லையென்றால் செங்கல், செருப்பு. வைத்த பொருளுக்கு ஆளின் மரியாதை உண்டு. தள்ளினால் சண்டை. பிள்ளைகள் அதைப் பார்த்து வளர்ந்தவர்கள்.

பாட்டைப் போட்டேன், நிறுத்தினேன். யாரும் ஓடவில்லை. அவரவர் செருப்புக்கு நிதானமாக நடந்துபோய் உட்கார்ந்தார்கள். பவித்ரா வாசலில் வெறுங்காலோடு நின்று பார்த்தாள். ஏழும் நிரம்பியதும் உள்ளே திரும்பினாள்.

"ஏய், எங்க போற?" என்றாள் மும்தாஜ். இன்னொரு செருப்பையும் கழற்றித் தன் பக்கத்தில் வைத்தாள். "இது உன் எடம். வா."

"ஒரு சேருக்கு ஒருத்தர்தாம்மா" என்றேன். தொழில் பழக்கம்.

"இன்னா மாமா பேசுற? இவங்கம்மா வேலைக்குப் போனா எங்கம்மாதான் ரெண்டு கொடம் போடுது. லாரிக்காரரே ஒண்ணும் சொல்ல மாட்டாரு. நீ சொல்ற."

பவித்ரா வந்து உட்கார்ந்தாள். நான் விதிப்படி ஒவ்வொரு நாற்காலியாக எடுத்தேன். செருப்புகள் அடுத்த நாற்காலிக்கு இடம் மாறின, பிள்ளைகளும் பின்னாலேயே போனார்கள். கடைசியில் ஒரு நாற்காலியில் எட்டுப் பேர். நாற்காலியின் கால் ஒடிந்து எல்லோரும் விழுந்தார்கள். அடியில் கிடந்து சத்தமாகச் சிரித்தது பவித்ரா. நாற்காலி டீக்கடையுடையது.

"சேர்தான் அவுட்டு" என்றாள் செல்வி. கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் சொன்னாள்.

அடுத்த பிறந்தநாளுக்குள் குடிசை வரிசையையே எடுத்துவிட்டார்கள். ஆற்றங்கரையில் இப்போது கம்பிவேலி இருக்கிறது. செல்விக்கு ஊருக்கு வெளியே ஐந்தாவது மாடியில் வீடு கிடைத்தது. மும்தாஜ் வீட்டாருக்கு எங்கோ வேறு பக்கம், செல்விக்கே தெரியவில்லை. பிறந்தநாளுக்குக் கூப்பிட்டாள் என்று இரண்டு பஸ் மாறிப் போனேன். பவித்ராவையும் சேர்த்து மூன்றே பிள்ளைகள். வீட்டிலும் மூன்று நாற்காலிதான் இருந்தது.

பாட்டை நிறுத்தினேன். மூவரும் உட்கார்ந்தார்கள். நாற்காலி எதையும் எடுக்காமல் மறுபடி போட்டு நிறுத்தினேன். மறுபடியும் உட்கார்ந்தார்கள்.

"போதும் மாமா," என்றாள் பவித்ரா. "கேக்கு வெட்டலாம்."