ஸ்டோர் சாக்கில் போன கொம்போஸ்ட்

வெள்ளிக்கிழமை மாலை ஜெயகாந்தன் வேலை முடிந்து வந்த விதமே சரியில்லை. தேயிலைத் தோட்டத்து லய வீட்டு வரிசையில் இருந்த தங்கள் ஒற்றைக் காம்பராவுக்குள் சப்பாத்தைக் கழற்றாமல் நுழைந்தான். மனைவி பிரேமினி நீட்டிய தேத்தண்ணியை வாங்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"கண்டாக்கு நேத்து ஹட்டன் போயிருக்காரு. அங்க ஒரு பூச்செடிக் கடை வாசல்ல நம்ம ஸ்டோர் பேக்கு நிக்குதாம். தோட்டத்துப் பேரு, பச்ச முத்திர எல்லாம் அப்படியே இருக்காம். ஸ்டோர் சாவி யார் கையில இருக்குன்னு என்னையக் கேக்குறாரு" என்றான். கண்டாக்கு என்றால் தோட்டத்து வேலைகளை மேற்பார்க்கும் அதிகாரி, அவருக்கு மேலே தோட்டத்துரை மட்டும்தான்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னத்தச் சொல்ல? வாயே வரல. திங்கக்கெழம காலையில ஆளு பிரிக்கிற பெரட்டுல எல்லார் முன்னாலயும் வச்சுக் கேப்பேன், அப்புறம் தொரைகிட்டப் போகும், யோசிச்சு வையின்னுட்டுப் போயிட்டாரு."

பிரேமினி அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அந்தச் சாக்கை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது அவள்தான். உள்ளே இருந்தது அவள் வீட்டுக்குப் பின்னால் சாணியும் தழையும் போட்டு மக்க வைத்த கொம்போஸ்ட் உரம். ஆனால் வெளியே இருந்த எழுத்து தோட்டத்தினுடையது. ஜெயகாந்தனோ அந்தத் தோட்டத்து உர ஸ்டோரின் காவல்காரன். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்கிறவர் என்ன நினைப்பார் என்று சொல்லவே வேண்டாம்.

காவல் வேலை அவனுக்குச் சும்மா கிடைத்ததில்லை. தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டும்போது மலையில் சறுக்கி விழுந்து முதுகை ஒடித்துக்கொண்டவன். குனிந்து நிமிர முடியாத ஆளுக்குத் தோட்டத்தில் வேறு என்ன வேலை இருக்கிறது? எத்தனையோ பேர் காலில் விழுந்து வாங்கிய இடம் அது. அது போனால் பிரேமினி ஒருத்தியின் கொழுந்துச் சம்பளத்தில்தான் குடும்பம் நடக்க வேண்டும். மகள் நிலக்ஷி ஹட்டனில் உயர்தர வகுப்பில் படிக்கிறாள். முதலில் நிற்கப்போவது அந்தப் படிப்புதான் என்று பிரேமினிக்கு நன்றாகத் தெரியும். உரத்துக்குத் தட்டுப்பாடு வந்த வருடத்திலிருந்து தோட்டத்தில் ஸ்டோர் என்றாலே சந்தேகம்தான். மேல்பிரிவில் ஒரு காவல்காரரைக் கையும் களவுமாகப் பிடிக்காமலே வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

கொம்போஸ்ட் தொடங்கியதும் அந்தத் தட்டுப்பாட்டில்தான். லயத்துக்குப் பின்னால் பாய் விரிக்கிற அகலத்தில் அவளுக்கு ஒரு தோட்டம். லீக்ஸ், பீன்ஸ், நாலு முட்டைக்கோவா. உரமில்லாமல் எல்லாம் வெளிறிப்போய் நின்றன. பக்கத்துக் காம்பரா பேச்சியம்மாவிடம் ஒரு பசு இருந்தது. சாணியை அவளிடம் கேட்டு வாங்கினாள். வேலை விட்டு வரும்போது மலையோரத்து மானாப்புல்லையும், தேயிலைக்கு நிழலாக நிற்கும் முள்முருங்கையின் இலையையும் தலைச்சுமையாய்க் கொண்டுவந்தாள். அடுக்கி, தண்ணீர் தெளித்து, மழைக்கு மூடி, வாரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் போட்டாள். லயத்துச் சனம் மூக்கைப் பொத்திக்கொண்டு கேலி பண்ணியது. "புருசன் ஸ்டோர்ல ஒரம் காக்குறான், பொஞ்சாதி வீட்ல ஒரம் காய்ச்சுறா" என்றார்கள். அவள் பதில் சொல்லமாட்டாள். யாரையும் ஏறிட்டுப் பார்த்துப் பேசுகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

மூன்று மாதத்தில் குவியல் கறுத்துப் பொலபொலவென்று வந்தது. மழை விழுந்த மண்ணின் வாசம் அதற்கு. தன் பாத்திக்குப் போட்டும் மிஞ்சியது. மிச்சத்தை அக்கம்பக்கத்துக்கு அள்ளிக் கொடுத்துப் பார்த்தாள், அப்படியும் தீரவில்லை. நிலக்ஷிதான் விற்றுப் பார்க்கலாமே என்றாள். ஹட்டனில் பூச்செடி விற்கும் முத்துலிங்கம் ஒரு சாக்கை வாங்கி வைத்தார். அது போனது. அடுத்ததும் போனது. பிறகு அவரே தோட்டத்து வழியாக நோர்வூட் போகும் ஓட்டோக்காரர்களிடம் சொல்லியனுப்பிக் கேட்கத் தொடங்கினார். நிலக்ஷியின் விஞ்ஞான வகுப்புக்கு அந்தக் காசுதான் போனது. பிரேமினிக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை. கொழுந்து பறித்து யாரும் அவளைப் பாராட்டியதில்லை. தன் கையால் ஆன ஒரு சாமானை ஊர் தேடி வாங்குகிறது என்றால் லேசா?

சாக்கு விசயம் அவள் மண்டையில் ஏறவே இல்லை. ஏறாததும் அதிசயமில்லை. லயத்தில் வெற்று உரச் சாக்குக்கு இல்லாத வேலை எது? வாசலில் கால் துடைக்க அது, கோழிக்கூட்டுக்குக் கதவு அது, கூரை ஒழுகினால் தகரத்துக்கு மேல் அது, மழையில் கொழுந்து பறிக்க இடுப்பில் சுற்றுவதும் சில நாள் அது. தோட்டத்து எழுத்தைப் பிறந்ததிலிருந்து பார்த்துப் பார்த்து, அதை எழுத்தென்று பார்க்கிற கண்ணே அங்கே யாருக்கும் இல்லை. உரம் போட்டு முடிந்த சாக்கை ஜெயகாந்தன் கொண்டுவந்தான், அவள் நிரப்பித் தைத்தாள், அவ்வளவுதான். வெளியே போனால் அது வேறு கதை என்று இருவருக்கும் தோன்றவில்லை.

"வெறும் பேக்குன்னு சொல்லிருவோமே" என்றாள்.

"வெறும் பேக்குன்னா யாருடி நம்புவா? பேக்கு போன வழியில ஒரமும் போயிருக்கும்னுதான் சொல்லுவாங்க. எனக்குத் தெரியாது, யாரோ களவெடுத்துட்டாங்கன்னு சொல்லப் போறேன்."

"ஸ்டோருக்குக் காவலு நீங்க. தெரியாதுன்னா அது அதவிட மோசமுங்க."

அன்று யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் மலையில் பிரேமினியின் கை தன் பாட்டுக்குப் பறித்தது, மனசு ஹட்டன் கடை வாசலிலேயே நின்றது. முற்றின இலையையும் கூடையில் போட்டுக் கங்காணியிடம் ஏச்சு வாங்கினாள். யாராவது தன்னைப் பார்த்துச் சிரித்தால்கூட விசயம் தெரிந்துதான் சிரிக்கிறார்களோ என்று பதறினாள்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸைப் பிடித்து ஹட்டனுக்குப் போனாள். மிச்சச் சாக்கை எல்லாம் திருப்பி எடுத்துவிட்டால் திங்கட்கிழமை காட்ட ஒன்றும் இருக்காது என்று அவளுக்கு ஒரு கணக்கு. முத்துலிங்கம் அப்போதுதான் செடிகளை வெளியே எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். வாசலில் ஒரே ஒரு சாக்கு இருந்தது, முத்திரை ரோட்டைப் பார்த்தபடி.

"அண்ணே, இத நான் எடுத்துக்கிட்டுப் போறேன். இனிமே வேற சாக்குல கட்டித் தாறேன்."

அவர் பதறிப்போனார். "ஐயோ, வேணாம் தங்கச்சி! இந்தச் சாக்கப் பாத்துத்தானே ஆளு நிக்குது. தோட்டத்து ஸ்டோர் சாமானான்னு மெதுவாக் கேப்பாங்க. ஆமா, தோட்டத்துலருந்துதான் வருதும்பேன். அது பொய்யில்லையே? கண்ணடிச்சுட்டுத் தூக்கிட்டுப் போவாங்க."

பிரேமினிக்குச் சட்டென்று விளங்கவில்லை. விளங்கியதும் காது இரண்டும் சுட்டது. இத்தனை நாளும் அவள் கொம்போஸ்ட் நல்லதென்று யாரும் வாங்கவில்லை. களவுச் சாமான் மலிவாய் வருகிறதென்று வாங்கியிருக்கிறார்கள். மழையில் நனைந்து புல் வெட்டியதும், இடுப்பு நோக நோகப் புரட்டியதும், சாணி வாசம் போகச் சோப்புத் தேய்த்ததும் எல்லாம் ஒரு கண்ணடிப்பில் களவாகிவிட்டது. பயத்தை அவளால் தாங்க முடிந்தது. இதைத் தாங்க முடியவில்லை. கடைவாசலிலேயே அழுதாள்.

"என்னாத்துக்கு அழுவுற? வித்தாப் போதாதா?" என்றார் முத்துலிங்கம். கெட்ட மனிதர் இல்லை, வியாபாரி.

"போதாதுண்ணே" என்று சொல்லிவிட்டுச் சாக்கைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள்.

வீட்டில் ஜெயகாந்தன் தலையில் அடித்துக்கொண்டான். "ஆத்துல கொட்டிரு. குவியலையும் சேத்துக் கொட்டிரு. பேக்கக் கொளுத்திருவோம்."

"கொளுத்துனா நாம களவெடுத்தது உண்மைன்னு ஆயிரும். நான் இத நாளைக்குப் பெரட்டுக்குக் கொண்டு போறேன்."

"என் வேலைக்கு ஒலை வைக்காத பிரேமினி."

தான் செய்வது சரியா என்று அவளுக்கே தெரியாது. சாக்கை மட்டும் கதவோரமாக நிறுத்தி வைத்தாள்.

திங்கட்கிழமை பெரட்டுக் களத்தில் பனி இன்னும் விலகவில்லை. மலை மலையாய் ஆள் பிரித்து முடிந்ததும் கண்டாக்கு கூப்பிட்டார். "ஜெயகாந்தன், முன்னால வா. ஸ்டோர் பேக்கு ஹட்டனுக்கு நடந்தா போச்சு?"

ஜெயகாந்தன் வாயைத் திறப்பதற்குள் பிரேமினி சாக்கைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்து, தையலைப் பிரித்து, அவர் சப்பாத்துக்கு முன்னால் கொட்டினாள்.

"நான்தாங்கய்யா கொண்டு போனேன். பேக்குதான் தோட்டத்தோடது. ஒரம் நான் செஞ்சது. அள்ளிப் பாருங்க."

கண்டாக்கு குனிந்து ஒரு பிடி அள்ளினார். கசக்கினார், மோந்தார். மண்புழு ஒன்று விரலிடுக்கில் நெளிந்தது. அவரும் மண்ணில் காலம் கழித்த மனுசன், உடனே தெரிந்துவிட்டது. ஆனால் இத்தனை பேர் முன்னால் சும்மா விட முடியுமா?

"புல்லு எங்க வெட்டுன?"

"பத்தாம் நம்பர் மலையோரத்துலங்க."

"அப்போ புல்லும் தோட்டத்தோடது. எலையும் தோட்டத்தோடது. யாரக் கேட்டு வித்த?"

அந்தக் கேள்வி வரும் என்று அவள் நினைக்கவே இல்லை. தோட்டத்து மண்ணில் நின்றுகொண்டு எதைத் தன்னுடையது என்று சொல்வது? அப்போது பெண்கள் வரிசையிலிருந்து பேச்சியம்மாவின் குரல் வந்தது.

"அய்யா, சாணி எம் மாட்டோடதுங்க. அது இன்னும் தோட்டத்துல பேரு பதியல. அப்புறம், கால்ல ஏறுற அட்டையும் தோட்டத்து அட்டைதானுங்களே? இனிமே ஒன்னுவிடாமப் புடிச்சு ஆபீஸ்ல ஒப்படைச்சிர்றோம்."

களம் முழுக்கச் சிரித்தது. கங்காணிகூட முகத்தைத் திருப்பிக்கொண்டார். கண்டாக்கு கையைத் தட்டி விட்டுக்கொண்டு, "வெறும் பேக்கு எல்லாம் இனி ஸ்டோருக்குத் திரும்பி வரணும். ஜெயகாந்தன், வேலைக்குப் போ" என்றார். ஜெயகாந்தன் அப்போதுதான் மூச்சு விட்டான்.

கூட்டம் கலையும்போது கண்டாக்கு தன் காலடியில் கிடந்த குவியலைக் காட்டினார். "பிரேமினி, எங் குவாட்டர்ஸ் வீட்டு முன்னால ரோசாச் செடி காஞ்சு கெடக்கு. இத அப்படியே அள்ளிக் கொண்டு போய் அங்க போட்டுரு."

ஜெயகாந்தன் வேகமாகத் தலையாட்டினான். போட்டுவிடு, போட்டுவிட்டுப் போய்ச் சேருவோம் என்பது அதன் அர்த்தம். பிரேமினியும் சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"அது விக்கிற சாமானுங்கய்யா" என்றாள்.

ஜெயகாந்தன் கண்ணை மூடிக்கொண்டான். கூடையை மாட்டப் போன பெண்கள் அப்படியே நின்றார்கள்.

கண்டாக்கு அவள் பக்கம் திரும்பினார். "வெல என்ன?" என்றார்.

பிரேமினி சொன்னாள், முத்துலிங்கத்திடம் வாங்கும் விலையில் ஒரு ரூபாய்கூடக் குறைக்காமல்.