பேச்சில்லாத புத்தகத்தில் அம்மாவின் சிரிப்பு

ஸ்பிரிங்வேலில் எந்த மளிகைக்கடையின் விளம்பரத் தாளை எடுத்தாலும், அதிலுள்ள மீனும் டிராகன் பழமும் லியென் வரைந்தவைதான். விலையைவிட மீனின் கண்தான் பெரிதாகத் தெரிகிறது என்று கடைக்காரர்கள் புலம்புவார்கள். அவள் காதில் போட்டுக்கொள்வதில்லை. மெல்போர்னின் அந்தப் பக்கத்து வியட்நாமியர்களுக்கு அவள் நாற்பது தாண்டியும் கல்யாணமாகாத, யாரையும் மதிக்காத பெண். இவள் மதிக்கும்படி அவர்களும் எதையும் செய்து கிழித்துவிடவில்லை.

மீன் வரைந்தது போக மிச்ச நேரமெல்லாம் அவள் ஒரு படக்கதைப் புத்தகம் வரைந்துகொண்டிருந்தாள். சைகோனிலிருந்து ஏழு வயதில் வந்து இறங்கும் சிறுமியின் கதை. அவளுடைய கதைதான். புத்தகத்தில் ஒரு எழுத்து கிடையாது. வந்த புதிதில் இங்கிலீஷ் அவளுக்கு வெறும் இரைச்சல். அந்த இரைச்சலுக்கு எதற்குத் தாளில் இடம் கொடுக்க வேண்டும் என்று விட்டுவிட்டாள்.

நகரத்தில் ஒரு பதிப்பகம் அதைப் போட முன்வந்தது. அங்கே பதிப்பாசிரியர் பிலிப்பா. கழுத்தில் மரமணி மாலை, பார்வையில் எப்போதும் இரக்கம். அந்த இரக்கத்தைக் கண்டாலே லியெனுக்குக் குமட்டும்.

"எல்லாம் அற்புதம், லியென். ஆனா வியட்நாம்லேர்ந்து நீங்க தப்பிச்சு வந்த படகு எங்க?" என்று கேட்டாள் முதல் நாளே.

"நாங்க பிளேன்ல வந்தோம். இங்க இருந்த மாமா கூப்பிட்டுக்கிட்டார். கோழிக்கறி குடுத்தாங்க, நான் வாந்தி எடுத்தேன்."

"ஓ..." பிலிப்பாவின் முகம் வாடிவிட்டது. கடலில் நாலு பேர் செத்திருந்தால் முகம் மலர்ந்திருக்கும்.

படகு விஷயம் ஒருவழியாக ஓய்ந்தது. சிக்கல் வந்தது புத்தகத்தில் சட்டை வரும் பக்கத்தில்.

லியெனின் அம்மா தோவா, வந்த காலத்தில் வீட்டிலேயே சட்டை தைத்துக் கொடுப்பாள். ஒருநாள், துணி கொடுத்து வாங்கும் காண்டிராக்டர் காலர் கோணல் என்று சொல்லி, தைத்த கட்டு முழுவதையும் தரையில் விசிறி அடித்தான். தோவா குத்துக்காலிட்டு ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். பொறுக்கும்போது அவனை அண்ணாந்து பார்த்துச் சிரித்தாள். வியட்நாமியர்கள் தலைகுனிவு வந்தால் சிரிப்பார்கள். வாசலில் நின்ற சின்ன லியெனுக்கோ உடம்பெல்லாம் கூசியது. மூஞ்சியில் துப்பாமல் பல்லிளிக்கிறாளே என்று அன்று அம்மாவிடம் வந்த இளப்பம், வளர்ந்த பிறகும் அவளை விட்டுப் போகவில்லை. அப்படியும் படத்தில் அந்தச் சிரிப்பை ஒரு மயிரிழை மாறாமல் வரைந்திருந்தாள். அந்தச் சிரிப்புக்காகத்தான் புத்தகத்தையே தொடங்கினாள் என்றுகூடச் சொல்லலாம்.

"இந்தம்மா ஏன் சிரிக்கிறாங்க?" என்றான் ஹாமிஷ். புத்தகத்தை வடிவமைப்பவன். ஆபீசுக்குள்ளும் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு உட்காரும் ரகம். "சந்தோஷமா இருக்காங்களா? படிக்கிறவங்க குழம்பிடுவாங்க."

"எழுத்தே இல்லாத புத்தகமாச்சே, முகம்தானே பேசணும்!" என்றாள் பிலிப்பா. "ஒரே ஒரு சொட்டுக் கண்ணீர் போதும். என்ன சொல்றீங்க?"

லியெனின் மனதில் இருந்ததை அச்சில் போட முடியாது. தொப்பியிலிருந்து செருப்புவரை இருவரையும் உள்ளுக்குள் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தாள். வாய்தான் திறக்கவில்லை. முகம் சுட்டது. கன்னம் இழுத்துக்கொண்டது, பல் தெரிந்தது.

"அப்பாடா! சிரிச்சிட்டாங்க, சம்மதம்தான்" என்று பிலிப்பா கையைத் தட்டிவிட்டு அட்டைப் படத்துக்குத் தாவிவிட்டாள்.

லிஃப்ட் கண்ணாடியில் பார்த்தபோதும் அந்த இளிப்பு அவள் முகத்தைவிட்டுப் போகவில்லை. அம்மாவின் முகம்தான் அது. லியெனுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

சில வாரம் கழித்து மாதிரிப் பிரதி வந்தது. கண்ணீரை ஹாமிஷே போட்டிருந்தான், கொழுக்கட்டை அளவுக்கு. சமையலறை மேசையில் கிடந்ததை, புதினா ஆய்ந்துகொண்டிருந்த தோவா கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள். மகளின் புத்தகத்தைப் படிக்க அவளுக்கு யார் தயவும் வேண்டாம். பிளேனில் வாந்தி எடுக்கும் பக்கத்தில் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சட்டைப் பக்கத்தில் நின்றுவிட்டாள்.

"இது யாருடி, மூக்கச் சிந்திக்கிட்டு?"

"நீதாம்மா."

"நானா? அந்தச் சொறிநாய் முன்னாடி நான் அழுதேனா?"

"நான் வரையல. அவங்க போட்டது. பாக்குறவங்களுக்குப் புரியணுமாம்."

"புரிஞ்சு என்னத்தக் கிழிக்கப் போறாங்க?"

லியெனுக்கு அடக்கிவைத்ததெல்லாம் பொங்கிவிட்டது. "நீ மட்டும் ஏம்மா அன்னிக்குப் பல்ல இளிச்ச? எனக்கு எவ்வளவு கேவலமா இருந்துச்சு தெரியுமா?"

தோவா மகளை ஏற இறங்கப் பார்த்தாள். அவ்வளவு மட்டமாக லியெனை யாரும் பார்த்ததில்லை.

"அழுகைய வீட்டு மனுசங்ககிட்டதான் காட்டணும். அவன் யாருடி, நான் அழுறதப் பாக்க? பல்லக் காட்டுனேன். அந்த மூஞ்சிக்கு அதுவே ஜாஸ்தி. இது தெரியாமத்தான் இத்தன வருசமா என்ன வரைஞ்சுக்கிட்டிருந்தியா?"

சொல்லிவிட்டுப் புதினாவைக் கழுவப் போய்விட்டாள். லியென் நெடுநேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பணிந்து போனவள் என்று தான் இளப்பமாக நினைத்த அம்மா, அந்த ஆளை மனுஷனாகவே மதிக்கவில்லை. உண்மையில் பணிந்து போனது யார் என்பதும் அவளுக்குத் தெரிந்தது. தொலைபேசியை எடுத்தாள்.

"அந்தக் கண்ணீர எடுத்துடுங்க."

"ஐயோ லியென், நீங்கதானே சம்மதிச்சீங்க! சிரிச்சீங்களே!"

"நான் சம்மதிக்கல."

"கண்ணீர் இல்லேன்னா மனசுல ஒட்டாதுங்க. அது இல்லாம எங்களால போட முடியாது."

"அப்போ போடாதீங்க. என் படத்தத் திருப்பி அனுப்புங்க."

பிலிப்பா இரக்கத்தோடு ஏதோ தொடங்கினாள். லியென் இணைப்பைத் துண்டித்தாள்.

"என்னவாம்?" என்றாள் தோவா அடுப்படியிலிருந்து.

"புத்தகம் வராதும்மா."

மேசையில் தலையைச் சாய்த்து, மூக்கு ஒழுக, லியென் வாய்விட்டு அழுதாள். தோவா அடுப்பை அணைத்துவிட்டு வந்து, பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அழாதே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.