ஜதுர்ஷிகாவின் இடது முழங்கால்

"முன்னூற்றுப் பன்னிரண்டு... முன்னூற்றுப் பதின்மூன்று..." என்று வாய்க்குள் எண்ணியபடி ஜதுர்ஷிகா பந்தை எறிகிறாள். கூடைக்குள் விழுந்தால்தான் கணக்கு. அடுத்தடுத்து இரண்டு தவறினால் அவளே பத்தைக் கழித்துவிடுவாள். காலை ஏழு மணிக்கு லண்டன் வால்தம்ஸ்டோவிலுள்ள அந்த விளையாட்டு மண்டபத்தில் அவளும், தரை துடைக்கிற நானும் மட்டும்தான். அவள் எண்ணுவது சரியா பிழையா என்று கேட்க ஆளில்லை. ஒரு நாள் நல்ல பந்தொன்றையும் அவள் எண்ணாமல் விட்டதைக் கண்டு, "பிள்ளை, அது விழுந்ததுதானே?" என்று கேட்டேன்.

"அது பலகையில பட்டு லக்கில விழுந்தது அன்ரி. லக்கை நான் எண்ணுறேல்லை."

வயது இருபத்தொன்று, உயரம் ஐந்தடி பத்து அங்குலம். அமெரிக்காவில், நெப்ராஸ்கா என்கிற மாநிலத்தில், ஒரு கல்லூரி அணியில் கூடைப்பந்து ஆடுகிற பிள்ளை. கோடை விடுமுறைக்குத்தான் லண்டனில் இருக்கிறாள். தகப்பன் அம்பலவாணன் பஸ் ஓட்டுகிறார். தாய் தவநாயகிக்கு முதியோர் இல்லத்தில் வேலை. மகள் ஆடுவது, ஊரில் பெண்பிள்ளைகள் ஆடுகிற, பந்தோடு ஓடக்கூடாத வலைப்பந்தாட்டம் என்றுதான் தவநாயகி நெடுநாள் நினைத்திருந்தார். முதல் ஆட்டம் பார்க்கப் போனவர், "பந்தை வைச்சுக்கொண்டு இப்பிடி ஓடுறாளே, விசில் ஊதமாட்டினமோ?" என்று பக்கத்தில் இருந்தவர்களைக் கேட்டுப் பதறினாராம்.

சாப்பாட்டு நேரம் ஐந்து நிமிடம். அதையும் வீணாக்க மாட்டாள். சுவரில் முதுகைச் சாய்த்து, கதிரை இல்லாமலே கதிரையில் இருப்பது போல முழங்காலை மடித்து நின்றபடி, தாய் கட்டிக்கொடுத்த புட்டையும் வாழைப்பழத்தையும் சாப்பிடுவாள். தொடை நடுங்கும். பெட்டி கையில் ஆடும். பார்க்க எனக்குப் பாவமாயிருக்கும்.

"இருந்து சாப்பிடன் பிள்ளை."

"இருந்துகொண்டுதானே அன்ரி சாப்பிடுறன்!"

வாயும் அப்படித்தான். கோவிலில் வைத்து விஜயரத்தினம் மாமா, "இந்த உயரத்துக்கு நாங்கள் எங்க போய் மாப்பிள்ளை தேடுறது?" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். "நீங்கள் தேடுங்கோ மாமா, ஏணி நான் கொண்டுவாறன்" என்றுவிட்டுத் திருநீற்றைப் பூசிக்கொண்டு போய்விட்டாள்.

பதினாறு வயதில் தன்னுடைய ஆட்டங்களைப் போனில் படம் எடுத்து, தானே வெட்டி ஒட்டி, அமெரிக்காவில் அறுபத்துமூன்று கல்லூரிகளுக்கு அனுப்பியிருக்கிறாள். ஒன்பது கல்லூரிகள் பதில் போட்டன. எட்டு மாட்டோம் என்றன. மிஞ்சிய ஒன்று கன்சாஸ் மாநிலத்தில், சோளக்காட்டுக்கு நடுவில் ஒரு சின்னக் கல்லூரி. "அங்க முதல் வருஷம் முழுக்க ஆட விடேல்லை, ஓரத்தில வாங்கிலதான் இருந்தன். அந்த வாங்கில என்ர பேரை எழுதாத குறை." மற்றப் பிள்ளைகள் படுத்திருக்கும் வேளையில் எழும்பிப் பந்து பழகினாள். இரண்டாம் வருடம் அவள்தான் அந்த அணிக்குத் தலைவி. அதைப் பார்த்துத்தான் நெப்ராஸ்காவிலிருந்த பெரிய கல்லூரி கூப்பிட்டது.

அங்கே போன வருடம் ஒக்டோபர் மாதம், போட்டிகள் தொடங்க ஒரு கிழமை இருக்கும்போது, பயிற்சியில் துள்ளி இறங்கியவளுக்கு இடது முழங்காலுக்குள் ஒரு சத்தம் கேட்டிருக்கிறது. "சுள்ளி முறிஞ்ச மாதிரி" என்கிறாள். எலும்புகளை இழுத்துப் பிடிக்கிற நார் அறுந்துபோய்விட்டது. சத்திரசிகிச்சை செய்தார்கள். அந்தக் கல்லூரியின் சட்டையோடு ஒரு ஆட்டமும் ஆடாமல் வருடம் போயிற்று. அவளுக்கு மிச்சம் இருப்பது கடைசி வருடம் ஒன்றுதான்.

ஒன்பது மாதம் பாடுபட்டாள். முதலில் காலை மடக்க, பிறகு படி ஏற, பிறகு ஓட. அழுதாளா என்று தாயைக் கேட்டேன். "இங்க வந்த பிறகும் குளிக்கிற அறைக்குள்ள தண்ணியைத் திறந்துவிட்டிட்டு அழுவாள். தண்ணிச் சத்தம் நிண்டா வெளிய வந்து திரும்பப் பயிற்சி" என்றார். ஜூலையில் லண்டன் வைத்தியர், இனி ஆடலாம் என்று எழுதிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகுதான் தவநாயகி அந்த வேலையைச் செய்தார்.

கல்லூரி அணியின் பயிற்சியாளர் ஒரு பெண். வீடியோவில் கூப்பிட்டு, மகள் வேறு அறையில் இருந்த நேரம், பிள்ளையின் கால் எப்படி என்று தாயிடம் அன்பாகக் கேட்டிருக்கிறார். தவநாயகி, "நொட் குட் கோச். இன்னும் பெயின். கடவுள்தான் நோஸ்" என்று சொல்லிவிட்டார். அதைக் கோவில் வாசலில் என்னிடம் சொல்லும்போதும் அவருக்கு அது பிழையாகத் தெரியவில்லை. "பிள்ளை நல்லா இருக்கிறாள் எண்டு பிறத்தி ஆக்களுக்கு ஆரும் சொல்லுவினமோ? கண்ணூறு படாதோ?" என்னைக் கேட்டிருந்தால் நானும், பிள்ளைக்குத் திருஷ்டி பட்டுவிடும் என்று பயந்து அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

அமெரிக்கப் பெண்ணுக்கு இது எப்படி விளங்கும்? தாயே சொல்கிறாரே, பொய்யாக இருக்குமா என்று நம்பிவிட்டார். பத்து நாளில் கடிதம் வந்தது. ஜதுர்ஷிகாவின் இடத்துக்கு இன்னொரு பிள்ளையை எடுத்தாயிற்று, நீ ஆறுதலாகக் காலைப் பார்த்துக்கொள் என்று.

"அம்மா, அமெரிக்காவில கண்ணூறு இல்லை!" என்று கத்தினாளாம்.

"கண் இருக்கிற இடமெல்லாம் கண்ணூறு இருக்கடி."

அன்றைக்கு அவள் சண்டையை நீட்டவில்லை. இருந்து பதில் எழுதினாள். என் கால் சுகம், ஓடிக் காட்டுகிறேன், பாருங்கள் என்றாள். பயிற்சியாளர் சம்மதித்தார். வெள்ளிக்கிழமை, லண்டன் நேரம் இரண்டு மணி, வீடியோவில் நேராகப் பார்ப்பார். ஆடுகளத்தின் ஒரு பக்கக் கோட்டிலிருந்து மறுபக்கக் கோட்டுக்குப் பதினேழு தரம், அறுபத்தெட்டு விநாடிக்குள். இரண்டு நிமிடம் ஓய்வு. பிறகு திரும்பவும் அதேபோல. இரண்டிலும் வென்றால், அணியில் அந்த இடத்துக்கு மற்றப் பிள்ளையோடு போட்டி போடலாம். ஒன்றில் தோற்றாலும் கடைசி வருடமும் வாங்குதான்.

அந்த வெள்ளிக்கிழமை தவநாயகி அரைநாள் லீவு போட்டுவிட்டு, நெற்றியில் சந்தனத்தோடு வந்தார். போனைப் பிடிக்கிற வேலை அவருக்கு.

"பிடிக்கிறது மட்டும்தான். நீங்கள் கதைக்கக் கூடாது, ஓக்கேயா?"

"நான் ஏன் கதைக்கிறன்?"

அவள் ஓடினாள். ஒவ்வொரு கோட்டிலும் சப்பாத்து கிறீச்சிட்டது. நான் தரை துடைக்கிற மொப்பைப் பிடித்தபடி முருகனைக் கூப்பிட்டேன். பதினேழாவது தரம் கோட்டைத் தொட்டதும் போனுக்குள் இருந்து பயிற்சியாளர் அறுபத்தாறு என்று சொன்னார். ஜதுர்ஷிகா இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக் குனிந்து மூச்சு வாங்கினாள்.

குனிந்ததுதான் வினையாயிற்று. கால் நோகிறதா என்று பயிற்சியாளருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மகளை அவர் கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்றுதான் சொல்வாள் என்று அவருக்குத் தெரியும். "அம்மா, முந்தி நீங்கள்தான் எனக்கு உண்மையைச் சொன்னீர்கள். இப்போதும் சொல்லுங்கள். வீட்டில் பிள்ளைக்கு நோவு இருக்கிறதா? இருந்தால் இத்தோடு நிறுத்துவோம்" என்று இங்கிலிஷில் கேட்டார்.

தவநாயகி மகளைப் பார்த்தார். குனிந்திருந்த ஜதுர்ஷிகா தலையை நிமிர்த்தவில்லை. முதுகு மட்டும் ஏறி இறங்கியது.

"குட், கோச்" என்றார் தவநாயகி. பிறகு அந்தப் பெரிய மண்டபம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். "நோ பெயின். படியில ஓடுறா. கால் வெரி குட். வெரி, வெரி குட்!"

சொல்லி முடித்ததும், கை தவறிக் கண்ணாடிப் பாத்திரத்தைப் போட்டுடைத்தவர் போல மகளின் காலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்த ஓட்டத்துக்கு இன்னும் அரை நிமிடம் இருந்தது. ஜதுர்ஷிகா நிமிர்ந்து தாயைப் பார்த்தாள். பிறகு திரும்பவும் குனிந்து, தன் காலடித் தரையை மூன்று விரலால் வழித்து எடுத்தாள். நான் காலையிலும் துடைத்து, மத்தியானமும் துடைத்த தரை; அதில் மண் ஏது? அந்த இல்லாத மண்ணை இடது முழங்காலுக்கு மேலே மூன்று தரம் சுற்றி, தாய்க்குக் கேட்கும்படி "தூ, தூ, தூ" என்று துப்பிக் காட்டிவிட்டு, கோட்டில் போய் நின்றாள்.