குரைக்காத முதோல் நாய்

குரைக்கிற நாய் கடிக்காது என்பார்கள். அப்படியானால் குரைக்காத நாய் கடித்தே தீரும் என்று, மீசை வைத்த ஆண்பிள்ளையான நான் நம்பியிருந்தேன்.

சுதந்திரம் வந்து சில வருஷம் ஆகியிருந்தது. கண்டோன்மென்ட்டை ஒட்டிய மர்பி டவுனில் எங்கள் எதிர்வீட்டுக்குப் பட்டாளத்தில் லாரி ஓட்டி ஓய்வுபெற்ற கன்னடக்காரர் ஒருவர், நாயோடு குடிவந்தார். துரைமார் விட்டுப்போன கொழுத்த நாய்களையே பார்த்துப் பழகிய தெரு எங்களுடையது. இதற்கோ விலா எலும்பு தெரிந்தது. வயிறு முதுகோடு ஒட்டியிருந்தது. யாரிடமும் வராது, வாலாட்டாது, குரைக்காது. நீண்ட மூஞ்சியை வைத்துக்கொண்டு பார்க்கும், அவ்வளவுதான். என்னை மட்டும் பார்ப்பதாக எனக்குப் பட்டது.

ஒரு மாலை சைக்கிளில் வரும்போது அது எழுந்து நின்றது. நான் வேகமாக மிதித்தேன். அது துரத்தியது. கண் இமைப்பதற்குள் பக்கத்தில் வந்துவிட்டது. சைக்கிளோடு சாக்கடையில் விழுந்தேன். விழுந்த என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிட்டது. என் கணுக்காலில் ரத்தம். பேண்ட்டில் ஒரு துண்டைக் காணோம்.

வெறிநாய்தான். சந்தேகமே இல்லை. தொப்புளைச் சுற்றிப் போடும் ஊசியை நினைத்ததுமே வயிறு உள்ளே போனது. நானும் அந்த நாய் மாதிரி ஆனேன். கடித்த நாய் சாகாதிருந்தால் ஆளும் பிழைப்பான் என்பது தெருக் கணக்கு. அதனால் தினமும் காலையில் எழுந்ததும் சாமி கும்பிடுவதற்கு முன் நாயைப் பார்த்தேன். கிண்ணத்தில் தண்ணீர் வைத்தேன், முகத்தைத் திருப்பிக்கொண்டது. தண்ணீரைக் கண்டு பயம். முடிந்தது கதை.

"யாக்கே சார், தினம் எட்டிப் பாக்கறீங்க?" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

"இல்ல, அது சாப்புடுதா?"

"எனக்கு முந்தி அதுக்குத்தான் ராகி முத்தே, களி உருண்டை. வேத்தாள் வச்சா தொடாது."

"அப்புறம் ஏன் எலும்பா இருக்கு?"

"முதோல் ஜாதி சார், அப்படித்தான் இருக்கும். எங்க ஊர்ல முயல் புடிக்க வளர்க்கறது. மோப்பத்தை விட கண்ணுதான் அதுக்குக் கூர்மை. எது ஓடினாலும் துரத்தும், நின்னா விட்டுடும். நீங்க ஓடினீங்களா?"

"சைக்கிள் மிதிச்சேன்."

"முயலுக்கு சைக்கிள் இல்ல, அதான் வித்தியாசம்."

நான் நம்பவில்லை. தன் நாய்க்கு வெறி என்று எவன் ஒப்புக்கொள்வான்? ஊசிக்குக் கிளம்பிவிட்டேன். விழுந்த நாளிலிருந்து தொடாமல் கிடந்த சைக்கிளை வாசலில் துடைத்துக்கொண்டிருந்த மனைவி கூப்பிட்டாள்.

"ஏங்க, ஆஸ்பத்திரிக்கு அப்புறம் போலாம். இதப் பாத்துட்டுப் போங்க."

காணாமல்போன பேண்ட் துண்டு, கிரீஸும் ரத்தமுமாகச் செயினில் சிக்கியிருந்தது. நாய் என்னைத் தொடவே இல்லை. காலைக் கிழித்தது சைக்கிளின் பல்சக்கரம்.