ஒலிபெருக்கி ஹத்சுனோ

எங்கள் தீவில் காலை ஏழு மணியைக் கடிகாரத்தில் யாரும் பார்ப்பதில்லை. கம்பத்து ஒலிபெருக்கியில் ஹத்சுனோவின் குரல் வந்தால் மணி ஏழு. பக்கத்துப் பெரிய தீவான மியாகோவுக்குக் கப்பல் உண்டா, யார் வீட்டு ஆடு அவிழ்த்துக்கொண்டு ஓடியது, யார் செத்தார், எல்லாம் அவள் சொல்லித்தான் தெரியும். எதையும் இரண்டு தடவை படிப்பாள். முதல் தடவையைக் காற்று கொண்டுபோய்விட்டாலும் இரண்டாவது காதில் விழுமே. இருபத்திரண்டு வருஷமாக இதுதான் பிழைப்பு.

அந்த ஒலிபெருக்கியில் அவள் 'நான்' என்று ஒருநாளும் சொன்னதில்லை. சொந்த மாமியார் செத்த அன்றைக்கும் "மருமகள் நகாமா ஹத்சுனோ" என்று யாரோ ஒருத்தி பேர் மாதிரிதான் படித்தாள். கல்நெஞ்சுக்காரி என்றார்கள். வாய் இருந்தால் என்ன வேண்டுமானாலும் பேசலாம். அன்றைக்கு அறிவிப்பு முடிந்ததும் ஊராட்சி அலுவலகக் கழிவறைக்குள் போய் அவள் அழுததைப் பார்த்தவர்கள் யாரும் அப்படிப் பேசவில்லை.

போன இலையுதிர் காலத்தில் திருவிழாவைப் பதிவு செய்ய மாகாணத் தலைநகர் நாஹாவிலிருந்து வானொலிக்காரர் ஒருவர் வந்தார். காணாமல் போன ஆட்டைப் பற்றி இவள் படித்ததைக் கேட்டுவிட்டு, "காலைச் செய்தி படிக்க எங்களோட வாங்களேன்" என்று கூப்பிட்டார். நாற்பத்தொன்பது வயதில் இப்படி ஒரு வாசல் திறக்கும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. வீட்டுக்காரர் செய்தோக்கு கரும்பு வெட்டுகிறவர். அவர் தடுக்கவில்லை.

"போயிட்டு வா. எனக்கென்ன, மீன் வறுக்கத் தெரியாதா?"

"தெரியாது."

"கத்துக்கறேன். அடுப்பு என்ன கடிக்கவா போகுது?"

பிப்ரவரிக் கடைசித் திங்கட்கிழமை நாஹாவில் வேலைக்குச் சேர வேண்டும். அதற்கு முந்தின வியாழக்கிழமை, ஊர்ச் சாமி குடியிருக்கும் சாமிக்காட்டில் புதுப் பூசாரியைத் தேர்ந்தெடுக்கும் சீட்டு. காட்டுச் சாமிக்குப் பூசாரி ஒரு பெண்தான். நாற்பத்தொன்பது முதல் ஐம்பத்தாறு வயது வரை உள்ளவர்களின் பேரைச் சீட்டில் எழுதி, தட்டில் போட்டுக் குலுக்குவார்கள். எந்தப் பேர் மூன்று தடவை கீழே விழுகிறதோ அவள்தான் ஆறு வருஷத்துக்குப் பூசாரி. அந்த ஆறு வருஷமும் ஒரு ராத்திரிகூடத் தீவை விட்டு வெளியே தங்கக்கூடாது. ஆனால் சீட்டு நாள் விடியும்போது தீவில் இல்லாதவளுக்குச் சீட்டு எழுத மாட்டார்கள். அதனால் அந்த வாரம் வந்தால் எங்கள் பெண்களுக்குப் பல்வலி வந்துவிடும். மியாகோவில் இருக்கிற பல் டாக்டருக்கு அந்த வாரம்தான் அறுவடை.

ஹத்சுனோ செவ்வாய்க்கிழமைக் கப்பலுக்கு டிக்கெட் எடுத்திருந்தாள். திங்கட்கிழமை மத்தியானம் தொண்ணூற்றேழு வயது சோக்கோ பெரியவர் கண்ணை மூடினார். அவர் மகள் ஃபுமி அலுவலகத்துக்கே வந்துவிட்டாள்.

"அப்பாவுக்கு உங்க குரல்னா உசிரு அக்கா. வேற யாரு படிச்சாலும் தான் செத்துட்டதையே நம்ப மாட்டாரு."

சாவு அறிவிப்பைக் காலையில் ஒரு முறை, மத்தியானம் ஊர்வலம் கிளம்பும்போது ஒரு முறை படிக்க வேண்டும். கப்பலோ காலை எட்டு மணிக்கு. பக்கத்து மேஜை யோஷியே தலையில் அடித்துக்கொண்டாள். சின்ன வயதிலிருந்தே இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டு திரிந்தவர்கள்.

"ஏண்டி, புத்தி கெட்டுப் போச்சா? டேப்ல பேசி வெச்சிட்டுக் கிளம்பு."

"செத்தவருக்கு டேப்பா போடறது?"

உள்ளதைச் சொல்கிறேன், ஃபுமி அப்படிச் சொன்னது அவளுக்குப் பிடித்திருந்தது. நாற்பத்தொரு சொந்தக்காரர்களின் பேரையும் உறவு முறை பிசகாமல் இரண்டிரண்டு தடவை படித்தாள். பல்வலிக்காரிகள் எட்டுப் பேர் அந்தச் செவ்வாய்க்கிழமைக் கப்பலில் கிளம்பிப் போனார்கள்; அவள் டிக்கெட்டைப் புதன்கிழமைக்கு மாற்றிக்கொண்டாள்.

புதன்கிழமை காலை ஆறரைக்குக் கப்பல் கேப்டன் போன் பண்ணினார்.

"அலை நாலு மீட்டர். இன்னிக்குக் கெடையாது."

"கொஞ்சம் பொறுத்துப் பார்த்தா?"

"கடல் என்ன என் மாமனார் வீடா ஹத்சுனோ, கெஞ்சிக் கேக்கறதுக்கு?"

பயணத்துக்குக் கட்டி வைத்த பெட்டி அவள் மேஜைக்கு அடியில் இருந்தது. அவள் ஒலிவாங்கியைப் போட்டு, "இன்று கப்பல் இல்லை. மறுபடியும் சொல்கிறேன். இன்று கப்பல் இல்லை" என்றாள். தன் கதவைத் தானே சாத்தி, ஊருக்கும் சொன்ன மாதிரி இருந்தது அவளுக்கு.

வியாழக்கிழமை தட்டில் மூன்றே மூன்று சீட்டு. ஹத்சுனோ, யோஷியே, கால் ஊனமான த்சுரு. யோஷியேயின் வீட்டுக்காரர் இரண்டு வருஷமாகப் படுத்த படுக்கை, மாதா மாதம் மியாகோ ஆஸ்பத்திரியில் அவரோடு இரண்டு ராத்திரி தங்க வேண்டும்; அவரைத் தனியே விட்டுவிட்டுப் பல்வலிக் கப்பல் ஏற அவளால் முடியவில்லை. பழைய பூசாரி மேகா தட்டைக் குலுக்கினாள். முதலில் ஹத்சுனோ. பிறகு யோஷியே. மறுபடி யோஷியே. மறுபடி ஹத்சுனோ. இரண்டுக்கு இரண்டு.

'யோஷியே பேர் விழட்டும் சாமி' என்று ஹத்சுனோ வேண்டிக்கொண்டாள். இன்றைக்கும் அதை நினைத்தால் அவள் கூசிப் போகிறாள்.

ஹத்சுனோ பேர் விழுந்தது.

மாட்டேன் என்று சொல்ல வழி இருக்கிறது. சொன்னால் மிச்ச இரண்டு சீட்டையும் போட்டுக் குலுக்குவார்கள். ஹத்சுனோ திரும்பி யோஷியேயைப் பார்த்தாள். யோஷியே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி" என்றாள் ஹத்சுனோ.

மேகா அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். "ஒண்ணு சொல்லிடறேன் தாயி. பூசாரி வாயால சாவுச் சேதி வரக்கூடாது. அத இனிமே வேற யாராச்சும் படிக்கட்டும்."

நாஹா போனது போதாதென்று இதுவும் போனது. சாயங்காலம் ஐந்து மணி அறிவிப்புக்கு யோஷியே ஒலிவாங்கிக்கு முன்னால் போய் நின்றாள்.

"நான் படிக்கட்டுமாடி?"

"வேண்டாம், நீ பாதியில அழுதுடுவே. நகரு."

வயலில் செய்தோக்கு அரிவாளைக் கீழே போட்டுவிட்டு நிமிர்ந்தார். குரல் எப்போதும் போலத்தான் வந்தது. "சாமிக்காட்டின் புதிய பூசாரி, நகாமா ஹத்சுனோ, வயது நாற்பத்தொன்பது. மறுபடியும் சொல்கிறேன்."

அப்புறம் ஒன்றும் வரவில்லை. ஒலிபெருக்கி இரைந்துகொண்டே இருந்தது. சமையலறைகளில் பெண்கள் கையிலிருந்த வேலையை நிறுத்தினார்கள்.

"நான்தான்" என்றாள் ஹத்சுனோ.

வெள்ளிக்கிழமை கடல் அடங்கிக் கிடந்தது. ஏழு மணிக்கு, "இன்று கப்பல் உண்டு" என்று இரண்டு தடவை படித்தாள். பெட்டி மேஜைக்கு அடியிலேயே இருந்தது.