கச்சேரி ரோட்டு பிளேக்கம்மா

"தலைய அவுத்து இன்னொரு தபா முடிஞ்சிக்கோம்மா" என்கிறாள் தேசம்மா.

கச்சேரி ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில், பெங்களூரிலிருந்து நான்கு நாளுக்கு முன் வந்திறங்கிய ஒரு மாமி, நடைக் கதவுக்குப் பின்னால் நின்று கொண்டையை அவிழ்க்கிறாள்.

"தினம் காத்தாலே வந்து இதையே சொல்றயே! ஆத்துல பருப்பு வெந்துண்டிருக்கு. நாடி பார்க்கறவா உண்டு, நாக்கைப் பார்க்கறவா உண்டு. கொண்டையைப் பார்க்கற வைத்தியம் எந்த ஊர்ல இருக்கு?"

"எங்க ஊர்ல கீது. முடிஞ்சிக்கோ."

மாமி இரு கைகளையும் தூக்கிக் கொண்டை போடுகிறாள். தேசம்மா கொண்டையைப் பார்ப்பதில்லை. மாமியின் முழங்கை எவ்வளவு உயரம் போகிறது, அது போகும்போது முகம் சுளிக்கிறதா என்று பார்க்கிறாள். பிளேக் கண்டு அக்குளில் நெறி கட்டியவளால் அப்படித் தூக்க முடியாது. தொடையிடுக்கில் நெறி கட்டியவளால் குந்தி எழ முடியாது. அதற்காக, "அடுப்ப ஒருவாட்டி ஊதிட்டு வா தாயி" என்பாள். ரவிக்கையைத் தளர்த்து, புடவையை நகர்த்து என்று எந்தப் பெண்ணையும் அவள் கேட்டதில்லை. பத்து நாளில் ஒரு நாளாவது கேட்டிருந்தால் மயிலாப்பூரில் பாதிக் கதவு அவளுக்குத் திறந்திருக்காது.

பிளேக் உள்ள ஊரிலிருந்து ரயிலேறி வருகிறவர்களுக்கு வழியிலேயே ஒரு சீட்டுக் கொடுக்கிறார்கள். பாஸ்போர்ட் என்று பெயர். சீமைக்குப் போகிற பாஸ்போர்ட் அல்ல. பத்து நாள் வரை உன்மேல் சர்க்காருக்குச் சந்தேகம் என்று எழுதிக் கொடுக்கிற காகிதம். தங்கும் வீட்டு விலாசம் அதில் இருக்கும். ஆண்கள் தினம் காலையில் ஆபீஸுக்குப் போய் முகத்தைக் காட்டிவிட்டு வரலாம். வெளியே வராத பெண்களைப் பார்க்க ஆள் வீட்டுக்கே போக வேண்டும். மயிலாப்பூர், சாந்தோம், மீர்சாகிப்பேட்டை வட்டாரத்துக்கு அந்த ஆள் தேசம்மா.

வயது நாற்பத்தைந்து இருக்கும். கறுத்து, அகன்ற தோள். கக்கத்தில் ஏடு, கையில் குடை, இடுப்பில் தகரக் குழலுக்குள் தர்மாமீட்டர். பின்னால் பத்தடி தள்ளிச் சுண்ணாம்பு வாளியோடு பியூன் பக்கிரி. தெரு முனையில் இருவரும் தெரிந்ததும், "பிளேக்கம்மா வராங்கோ!" என்று குரல் போகும்.

"நான் இன்னா நோயா? நோயப் பாக்க வரவடா நானு" என்று முதல் வருஷம் சண்டை போட்டாளாம். இப்போது அந்தப் பெயருக்கே திரும்பிப் பார்க்கிறாள்.

சாந்தோம் குப்பத்தில் பிறந்தவள். பதினைந்து வருஷம் கூடையில் மீன் விற்றாள். பிறகு ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. அங்கேதான் தர்மாமீட்டர் படிக்கவும் கையெழுத்துப் போடவும் கற்றுக்கொண்டாள். ஆனால் அவளுடைய பரீட்சை இன்னும் மீன்காரியின் பரீட்சைதான். "கண்ணு பளிச்சினு கீதா, அதான் மொதல்ல. மீனுக்கும் அதே, மனுசனுக்கும் அதே" என்று ஒரு மாமியிடம் சொல்லிவிட்டாள். அந்த மாமி அன்று இரண்டாம் தடவை குளித்தாள்.

புருஷன் மிக்கேல் கட்டுமரக்காரர். சாயங்காலம் தேசம்மா உடனே வீட்டுக்குள் போவதில்லை. நேரே கடலில் இறங்கி, கட்டின புடவையோடு மூன்று முழுக்குப் போட்டுவிட்டுத்தான் குடிசை வாசலை மிதிக்கிறாள். மிக்கேல் கரையில் உட்கார்ந்து எண்ணுகிறார். "ரெண்டுதான் ஆச்சு. ஊரு காச்சலையெல்லாம் எனுக்கு எடுத்துக்கினு வராத, இன்னொண்ணு போடு" என்கிறார்.

அவள் எதிலும் விட்டுக்கொடுப்பாள். கை தூக்கிக் காட்டச் சொல்வதில் மட்டும் விட மாட்டாள். அதற்குக் காரணம் உண்டு. மூன்று வருஷத்துக்கு முன் மாம்பலத்துப் பக்கம் ஒரு வீடு. ஏழாம் நாள். "தலைக்கு ஊத்திக்கினு ஈரத்தோட கீறேன் அக்கா, நாளைக்கு முடிஞ்சி காட்டறேன்" என்றாள் அந்தப் பெண். துண்டு சுற்றிய தலையைப் பார்த்து இரக்கப்பட்டுத் தேசம்மா கையெழுத்துப் போட்டாள். மறுநாள் கொண்டை முடிந்து காட்ட அந்தப் பெண் உயிரோடு இல்லை. "ஈரந்தானேன்னு வுட்டேன்" என்று மட்டும் சொல்கிறாள். அதற்கு மேல் அந்தக் கதையை அவளிடமிருந்து வாங்க முடியாது.

அவளைப் பற்றி எழுதுவதற்காகப் போன புதன்கிழமை அவளோடு மீர்சாகிப்பேட்டைக்குப் போனேன். ஜரிகைத் தொப்பி தைக்கிற ஹபீபுர் ரஹ்மானின் வீடு. அவருடைய அக்கா நஸ்ருன்னிசா, மகள் வஜீஹாவோடு பெங்களூரிலிருந்து வந்திருந்தார். வஜீஹாவுக்கு வெள்ளிக்கிழமை நிக்காஹ், மாப்பிள்ளை ராயப்பேட்டை. நாங்கள் போன புதன்கிழமை பாஸ்போர்ட்டின் பத்தாம் நாள். கடைசிக் கையெழுத்து விழுந்துவிட்டால் தாயும் மகளும் மற்ற ஜனங்களைப் போல ஆகிவிடுவார்கள். விழாவிட்டால் வாசலில் வண்டி வந்து நிற்கும், இருவரும் ஊருக்கு வெளியே பிளேக் கொட்டகைக்குப் போக வேண்டும், கூரை ஓடுகளைப் பிரித்துச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். அதற்குப் பிறகு ராயப்பேட்டையிலிருந்து யாரும் வர மாட்டார்கள்.

தேசம்மா படுதாவை விலக்கி உள்ளே போனாள். நானும் ஹபீபுர் ரஹ்மானும் முன்கூடத்தில், தொப்பிகளுக்கு நடுவே இருந்தோம். படுதா மெல்லியது. எல்லாம் கேட்டது.

"இன்னா கண்ணு, கையில துணி?"

"மருதாணி அக்கா" என்றது நஸ்ருன்னிசாவின் குரல். "மாப்பிள்ளை வீட்டிலேர்ந்து காலையிலே வந்து வச்சிட்டு இப்பதான் போனாங்க. ரெண்டு கையும் முழங்கை வரைக்கும், தூக்கினா வழிஞ்சிடும். இன்னிக்கு ஒரு நாள் தலையை விட்டுடுங்க."



"கழுத்து சுடுதே பீபி."

"புகையிலே உக்காந்திருந்தா. பொம்பளைங்க கூட்டம். அதான் அக்கா, வேற ஒண்ணுமில்லே."

தர்மாமீட்டர் குழல் திறக்கிற சத்தம். முன்கூடத்தில் ஹபீபுர் ரஹ்மானின் ஊசி நின்றது.

"தொண்ணூத்தி ஒம்போதரை" என்றாள் தேசம்மா. "அனுப்பற காச்சலும் இல்ல, வுடற காச்சலும் இல்ல. மருதாணியக் கழுவு கண்ணு."

"ஐயோ, வேணாம்!" நஸ்ருன்னிசாவுக்குக் குரல் உடைந்தது. "சிவக்கறதுக்கு முன்னாடி கழுவினா மாப்பிள்ளை வீட்டார் மனசு என்ன ஆகும்? பொண்ணு அவங்க மருதாணியை வேணாம்னுட்டாள்னு பேச்சு வரும். ஒன்பது நாளும் பார்த்தீங்களே, ஒன்பது நாளும் தூக்கிக் காட்டினாளே!"

"பத்தாவது நாளுதான் பீபி வரும் அது."

வஜீஹா அதுவரை பேசவில்லை. இப்போது மெல்லிய குரலில், "அக்கா, நான் அந்த வண்டியிலே போகணுமா?" என்று கேட்டாள்.

தேசம்மா எழுந்தாள். படுதாவுக்கு வெளியே தலை நீட்டி, "பக்கிரி!" என்று கூப்பிட்டாள். "இன்னிக்கி பாக்க வேண்டிய மிச்ச ரெண்டு வூட்டுக்கும் போய் நான் லேட்டா வரேன்னு சொல்லிட்டு வா. ஆபீசுக்கும் சொல்லு."

"பன்னெண்டுக்குள்ள ஏடு போவலன்னா ஆபீசரு சிவப்பு மையில எழுதுவாருக்கா."

"எழுதட்டும், அவரு கையி. எவ்ளோ நேரத்துல சிவக்கும் பீபி?"

"மூணு மணி நேரமாவது..."

"ரெண்டு" என்றாள் தேசம்மா. பாயில் உட்காருகிற சத்தம் கேட்டது.

இரண்டு மணி நேரம். ஹபீபுர் ரஹ்மான் தொப்பியை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார். ஊசி ஒரு தடவை விரலில் ஏறியது, துடைக்கக்கூட இல்லை. "என் வீட்டுக் கூரையை அவங்க ஒரு சொல்லுல பிரிச்சுடலாம். பிரிக்காம உக்காந்திருக்காங்க" என்றார் என்னிடம், தணிந்த குரலில். உள்ளே தேசம்மா கதை சொல்லிக்கொண்டிருந்தாள். தன் கல்யாணத்தன்று மிக்கேல் கடலிலிருந்து திரும்பாமல், பாதிரியார் சர்ச் வாசலில் நின்று கடலையே பார்த்துக்கொண்டிருந்த கதை. "வந்தாரு, மீன் நாத்தத்தோட. கோயில்ல எல்லாரும் மூக்க மூடிக்கினாங்கோ. நான் மூடல. மூடியிருந்தா இன்னிக்கி வரைக்கும் சொல்லிக் காமிப்பாரு."

வஜீஹா சிரித்ததாகத் தெரியவில்லை.

பதினொன்றரைக்குத் தண்ணீர் ஊற்றுகிற சத்தம். ஈரத் துணியைப் பிழிகிறார்கள். சீப்பை யாரோ கீழே போட்டு எடுத்தார்கள்.

"இந்தக் கையி. தூக்கு. இன்னும். ஆங். இப்ப அந்தக் கையி."

ஹபீபுர் ரஹ்மானின் உதடு அசைந்துகொண்டே இருந்தது, சத்தம் வரவில்லை.

"மேல தூக்கு கண்ணு. பாதியில நிக்குதே, இன்னா?"

"கூச்சமா இருக்கு அக்கா..."

"என் கையி பட்டா வலிக்குதா, சொல்லு. பொய் சொல்லாத. இங்க? இங்க?"

 தெருவில் குதிரை வண்டி ஒன்று போவது மட்டும் கேட்டது.

பிறகு வஜீஹா சிரித்தாள். கிச்சுகிச்சு மூட்டினால் வருகிற சிரிப்பு, அடக்கப் பார்த்து, முடியாமல், உடைந்து, "அக்கா, வேணாம், அக்கா!" என்று மூச்சு வாங்கச் சிரிக்கிற சிரிப்பு. நெறி கட்டிய அக்குளில் விரல் பட்டால் யாரும் அப்படிச் சிரிக்க மாட்டார்கள், அலறுவார்கள். அது பத்து நாளில் அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஹபீபுர் ரஹ்மான் கையிலிருந்த தொப்பியைத் தம் தலையிலேயே வைத்துக்கொண்டு, அது வாடிக்கையாளருடையது என்பது நினைவு வந்து, எடுக்க மறந்து, அப்படியே நின்றார்.

"ராத்திரி தூங்கலியா நீ?" என்று தேசம்மா உள்ளே அதட்டிக்கொண்டிருந்தாள். "கல்யாண பயத்துல ஒரு சூடு. இதுக்கா என்னை ரெண்டு மணி நேரம் உக்கார வெச்ச? கஞ்சி குடிச்சிட்டுப் படு."

அவள் உடனே வெளியே வரவில்லை. இன்னும் கால் மணி நேரம் உள்ளே ஏதோ கிசுகிசுப்பு, நஸ்ருன்னிசா மூக்கை உறிஞ்சுவது, வஜீஹாவின் "அசையாதீங்க, அசையாதீங்க அக்கா." அதற்குப் பிறகுதான் படுதா விலகியது.

தேசம்மா ஏட்டை முழங்காலில் வைத்து வலக்கையால் பத்தாவது கட்டத்தில் பெயர் எழுதினாள். நான்கு எழுத்துக்கும் நான்கு தடவை பேனாவைத் தூக்குவது அவள் வழக்கம். ஹபீபுர் ரஹ்மான் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "தொப்பிய எடுங்க பாய், லேபிள் தொங்குது" என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

தெருவில் பக்கிரி வாளியோடு காத்திருந்தான். அவள் கையைப் பார்த்துவிட்டான்.

"இன்னாக்கா அது? இந்த வயசுல?"

"வாயி மூடு. குடையப் புடி."

வெயில் உச்சிக்கு வந்திருந்தது. அடுத்த வீடு சாந்தோமில், அரை மைல். ஏட்டை வலக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வேகமாக நடந்தாள் தேசம்மா. இடது உள்ளங்கையின் நடுவே காலணா அளவுக்கு ஈர மருதாணி இருந்தது. அந்தக் கையை மட்டும் குடை நிழலுக்கு வெளியே நீட்டி, விரல் ஒன்றுகூட மடங்காமல், வெயிலில் விரித்துப் பிடித்திருந்தாள்.