கையை முகர்ந்த நர்ஸ்

குறைமாதத்தில் பிறந்த என் மகள் அரியலூர் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாள். அந்த வார்டு நர்ஸ் குள்ளமானவர். மூக்குக்கண்ணாடியை எப்போதும் நெற்றியில் ஏற்றியிருப்பார். நான் உள்ளே போகும்போதெல்லாம் என் கையைப் பிடித்து முகர்ந்து பார்ப்பார்.

எல்லோருக்கும் இப்படியா, எனக்கு மட்டுமா? ஆஸ்பத்திரிச் சீட்டில் எங்கள் தெருவின் பெயர் இருந்தது. அதைப் படித்தாலே சாதி தெரிந்துவிடும். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். சும்மா விடுவேனா?

மகளை முதன்முதலாக நெஞ்சோடு அணைக்க வேண்டிய நாளில், நன்றாக முகரட்டும் என்று கை கழுவி, வாசனைப் பவுடரும் பூசிக்கொண்டு போனேன்.

"பவுடர் வாசனை அடிக்குதேம்மா. போய் சோப்பு போட்டுக் கழுவிட்டு வா."

"நான் எம்.எஸ்சி. படிச்சிருக்கேன் சிஸ்டர்."

"பாப்பாவோட நுரையீரலுக்கு அது தெரியாதும்மா. பவுடர் தூசி பட்டா மூச்சு வாங்கும்."

கழுவிவிட்டு வந்ததும் மகளை என் நெஞ்சில் கிடத்தித் துணியால் மூடினார். அப்போது சிமெண்ட் ஆலை இன்ஜினியரின் மனைவி தன் குழந்தையைப் பார்க்க உள்ளே வந்தார். அவர் கையையும் நர்ஸ் முகர்கிறாரா என்று பார்த்துவிட நினைத்தேன். அதற்குள் மகள் கண்ணைத் திறந்தாள். நான் நிமிர்ந்தபோது இருவரும் பெட்டியருகே நின்றிருந்தார்கள்.

முகர்ந்தாரா, இல்லையா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.